வாடிக்கையும் விசுவாசமும்

சென்ற ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் என் தங்கையின் கணவர் காலை விமானத்தில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போனார். அங்கே விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிட்டார். இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனமொன்றில் ஊர் ஊராகச் சுற்றும் உத்தியோகம் அவருக்கு, பயணம் புதிதன்று. ஆனால் காரணம் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது.

"டெல்லியில வேலை ஒண்ணும் இல்லை மச்சான். கோல்டு கார்டுக்கு ரெண்டு டிரிப் குறைஞ்சுது. டிசம்பர் முடியறதுக்குள்ள போகலைன்னா கார்டு போயிடும். அதான் கைக்காசு போட்டுப் போய்ட்டு வந்தேன்."

தங்க அட்டையைக் காப்பாற்றிக்கொண்ட மகிழ்ச்சி மூன்று மாதம் நீடித்தது. பிறகு அந்த விமான நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. விதிகள் மாற்றப்பட்டிருக்கின்றன; இனி எத்தனை முறை பறந்தீர்கள் என்பதைவிட எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதே கணக்கு; புதிய கணக்கின்படி நீங்கள் வெள்ளி உறுப்பினர் என்றது அது. அதன் முதல் வரி அவருடைய 'லாயல்டி'க்கு நன்றி சொல்லியிருந்தது. கைபேசியை என்னிடம் நீட்டி, "நீங்க தமிழ் வாத்தியார்தானே மச்சான், இந்த லாயல்டிக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டார்.

விசுவாசம் என்றேன்.

"அது நாய்க்கில்ல சொல்லுவாங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

நான் விமானத்தில் ஏறியது வாழ்நாளில் ஐந்தாறு முறைதான். இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். சொற்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. ஆனால் இது அடிப்படையில் ஒரு சொல்லைப் பற்றிய சிக்கல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்றிரவு நான் சொன்ன மொழிபெயர்ப்பு சரிதானா என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளப் படித்தவையும் யோசித்தவையுமே இக்கட்டுரை.

*

விமானப் பயணிகளுக்கு மைல் கணக்கு வைத்துப் பரிசளிக்கும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. அது தோன்றியதற்குக் காரணம் ஒரு சட்டம். 1938 முதல் நாற்பது ஆண்டுகள், எந்த நிறுவனம் எந்த வழித்தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் அந்நாட்டு அரசே முடிவுசெய்து வந்தது. கட்டணத்தில் போட்டியிட முடியாத நிறுவனங்கள் சாப்பாட்டிலும் உபசரிப்பிலும் போட்டியிட்டன. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. கட்டணப் போர் தொடங்கியது. பயணி ஒரு நாள் ஒரு விமானத்திலும் மறுநாள் விலை குறைந்த இன்னொன்றிலும் ஏறத் தலைப்பட்டான். வான்வழியே போகும் இருக்கைகளில் இது உயர்ந்தது அது தாழ்ந்தது என்று சொல்லப் பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை. அவனை எப்படிப் பிடித்து வைப்பது?

1981 மே முதல் தேதியன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதற்கு ஒரு விடை கண்டது. ஐபிஎம்முடன் சேர்ந்து அது உருவாக்கியிருந்த சேபர் என்ற முன்பதிவுக் கணினியில் பல ஆண்டுப் பதிவுகள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து அடிக்கடி பறப்பவர்கள் யாரென்று தேடியெடுத்து, அவர்களைத் தன் 'அட்வான்டேஜ்' திட்டத்தில் உறுப்பினராக்கியது. பறந்த மைல்கள் கணக்கில் சேரும். சேர்ந்த மைல்களுக்கு இலவசப் பயணம் கிடைக்கும். சில நாள்களுக்குள் யுனைடெட் நிறுவனமும் இதேபோன்ற திட்டத்தை அறிவித்தது. மற்றவர்கள் பின்தொடர்ந்தனர்.

எண்ணம் முற்றிலும் புதியதன்று. 1896லேயே அமெரிக்காவில் ஸ்பெரி அண்டு ஹச்சின்சன் என்ற நிறுவனம் கடைக்காரர்களுக்குப் பச்சை வில்லைகள் விற்கத் தொடங்கியிருந்தது. பொருள் வாங்குவோர் அந்த வில்லைகளைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பாத்திரமோ விளக்கோ பெற்றுக்கொள்ளலாம். ஆனால் விமான நிறுவனங்களுக்கு அந்த வில்லைக்காரர்களுக்கு இல்லாத இரண்டு வசதிகள் இருந்தன. முதலாவது, காலியாகப் போகும் இருக்கை. மாலைக்குள் விற்காத பூவைப்போல அது மறுநாளைக்கு உதவாது. அதில் ஒருவரை இலவசமாக ஏற்றினால் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. பெறுபவருக்கோ அது பெரிய பரிசு.

இரண்டாவது வசதி நுட்பமானது. அடிக்கடி பறப்பவர் பெரும்பாலும் அலுவலக வேலையாகப் பறக்கிறார். சீட்டுக்குப் பணம் கொடுப்பது அவருடைய முதலாளி. மைல் சேர்வதோ அவருடைய சொந்தக் கணக்கில். காசு ஒருவருடையது, பரிசு இன்னொருவருக்கு. முதலாளிக்கு நூறு டாலர் மிச்சமாகும் விமானம் இருந்தாலும், தன் மைல் சேரும் விமானத்தில் ஏறத்தான் ஊழியரின் மனம் சொல்லும். நம் ஊர் அலுவலகங்களில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

இதை மிகையென்று நினைப்பவர்கள் 2002ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரசுப் பணத்தில் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று அரசியல்வாதிகள் பலர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. பெர்லின் மாநிலத்தின் பொருளாதாரத் துறைக்குப் பொறுப்பு வகித்த கிரிகோர் கீசி அந்த ஆண்டு ஜூலை இறுதியில் பதவி விலகினார். அதே காலத்தில் அமெரிக்கா வேறு வழியில் சென்றது. அதுவரை அரசு ஊழியர்கள் அலுவல் பயண மைல்களைச் சொந்தமாக்கிக்கொள்ளத் தடை இருந்தது. 2001 டிசம்பரில் வந்த சட்டம் அதை அனுமதித்துவிட்டது. ஒரு நாட்டில் பதவியைப் பறித்த செயல் இன்னொரு நாட்டில் சலுகையாயிற்று.

*

தமிழில் 'பற்று' என்ற சொல்லுக்கு அன்பு, பிடிப்பு என்று பொருள். கடைக் கணக்கில் அதே சொல்லுக்குக் கொடுக்க வேண்டிய தொகை என்று பொருள். வரவுக்கு எதிர் பற்று. 'நாணயம்' என்றால் காசு. நேர்மை என்றும் பொருள். பேச்சு வழக்கில் "நாணயமான மனுஷன்" என்று இன்றும் சொல்கிறோம். மனித உறவும் கணக்கும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது நம் மொழிக்கு அன்னியமன்று. ஆகவே, விசுவாசத்துக்குக் கணக்கு வைப்பதே கொச்சை என்று நான் வாதிடப் போவதில்லை. கணக்கு யாரிடம் இருக்கிறது, அதை யார் திருத்தலாம் என்பதே என் கேள்வி.

மைல் என்பது தொடக்கத்தில் தூரத்தின் அளவு. 1987இல் சிட்டிபேங்க் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் சேர்ந்து கடன் அட்டை வெளியிட்ட பின்னர், பறக்காமலேயே மைல் சேர்க்க முடிந்தது. காய்கறி வாங்கினாலும் மைல், பல் மருத்துவருக்குக் கட்டணம் செலுத்தினாலும் மைல். வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தம் அட்டைதாரர்களுக்குக் கொடுத்தன. அதாவது மைல் ஒரு பணமாகிவிட்டது. அதை அச்சடிப்பதும் விமான நிறுவனம், அதன் மதிப்பைத் தீர்மானிப்பதும் விமான நிறுவனம். நேற்று இருபத்தைந்தாயிரம் மைலுக்குக் கிடைத்த பயணச்சீட்டுக்கு நாளை நாற்பதாயிரம் கேட்டால், சேர்த்து வைத்தவர் யாரிடமும் முறையிட முடியாது.

இந்தப் பணத்தின் அளவு 2020இல் வெளிப்பட்டது. கொரோனாத் தொற்றால் விமானங்கள் தரையில் நின்ற அந்த ஆண்டு, யுனைடெட் நிறுவனம் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்துக் கடன் திரட்டியது. அத்திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,190 கோடி டாலர் என்று அது கணக்குக் காட்டியது. அப்போதைய பங்குச் சந்தை விலைப்படி அந்த நிறுவனம் முழுவதுமே அதைவிட மிகக் குறைந்த மதிப்புடையதாக இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தை வைத்து 1,000 கோடி டாலர் திரட்டியது. இலட்சக்கணக்கானவர்களின் விசுவாசம் அடகுக்குப் போயிற்று என்று சொன்னால் அதில் உருவகம் எதுவும் இல்லை.

இந்தியாவில் இதைவிட விந்தையான ஒன்று நடந்தது. ஜெட் ஏர்வேஸ் தன் பயணியர் திட்டமான ஜெட்பிரிவிலேஜைத் தனி நிறுவனமாகப் பிரித்து, 2014இல் அதன் 50.1 விழுக்காட்டை அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. ஊழியர்கள் சம்பளமின்றித் தெருவில் நின்றார்கள். பயணியர் திட்டமோ அந்த நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு தொடர்ந்தது. பறக்க விமானம் இல்லை. பறந்ததற்கான புள்ளிகள் இருந்தன. தலைவன் மாண்ட பின்னும் விசுவாசம் வாழ்ந்த கதைகளை நம் வீரயுகப் பாடல்களில் படித்திருக்கிறோம். அவற்றில் விசுவாசத்தைத் தனியே கழற்றி விற்றதாக எங்கும் இல்லை.

*

இந்தத் தேடலில் என்னை மிகவும் நிறுத்தியது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு. 2014 ஏப்ரல் 2 அன்று வெளியான அந்த வழக்கின் பெயர் நார்த்வெஸ்ட் எதிர் கின்ஸ்பர்க்.

கின்ஸ்பர்க் ஒரு யூத மதகுரு. உரையாற்றவும் கருத்தரங்குகளில் பங்கேற்கவும் ஓயாமல் பயணம் செய்பவர். 1999இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் திட்டத்தில் சேர்ந்தார். 2005இல் அதன் உச்சத் தகுதியான பிளாட்டினம் நிலையை எட்டினார். 2008 ஜூனில் நிறுவனம் அவருடைய உறுப்பினர் தகுதியை ரத்து செய்தது. காரணம், அவர் அதிகமாகப் புகார் சொல்கிறார் என்பது. ஏழு மாதத்துக்குள் 24 முறை புகார் செய்திருந்தார் என்றும், அவற்றில் 9 முறை பெட்டி தாமதமாக வந்தது பற்றியவை என்றும் நிறுவனம் கணக்குக் காட்டியது. புகார்களுக்கு ஈடாகத் தாங்கள் கொடுத்தவற்றையும் பட்டியலிட்டது: 1,925 டாலருக்குப் பயணக் கூப்பன்கள், 78,500 போனஸ் மைல்கள், 491 டாலர் ரொக்கம். திட்டத்தை ஒருவர் தவறாகப் பயன்படுத்துகிறாரா என்பதை நிறுவனமே தன் விருப்பப்படி முடிவுசெய்யலாம் என்று விதிமுறையில் எழுதப்பட்டிருந்தது. அந்தச் சமயத்தில் நார்த்வெஸ்ட், டெல்டாவுடன் இணையவிருந்தது. செலவைக் குறைக்கவே தன்னை நீக்கினார்கள் என்பது கின்ஸ்பர்க்கின் வாதம்.

அவர் நேர்மையாகப் புகார் செய்தாரா, இழப்பீட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்தாரா என்று நமக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றமும் அதற்குள் போகவில்லை. அது எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் ஒருவரிடம் ஒருவர் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்பது அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பலவற்றில் உள்ள கோட்பாடு. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அது உள்ளடங்கியிருப்பதாகவே கொள்ளப்படும். இந்தக் கடப்பாட்டை விமான நிறுவனம் மீறிவிட்டது என்று பயணி வழக்குத் தொடுக்க முடியுமா? முடியாது என்றது நீதிமன்றம், ஒருமனதாக. மாநிலம் விதிக்கும் இத்தகைய கடப்பாடுகள் விமானக் கட்டணத்திலும் சேவையிலும் தலையிடுபவை. அவ்வாறு தலையிட 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது என்றது. மைல் திட்டங்கள் பிறக்கக் காரணமாயிருந்த அதே சட்டம்.

நீதிபதி அலிட்டோ எழுதிய அத்தீர்ப்பு, பயணிகளுக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்லவில்லை. எழுதிய ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போடலாம் என்று 1995இல் வந்த இன்னொரு தீர்ப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது. அது தவிர, பிடிக்காத திட்டத்தைப் பயணி தவிர்த்துவிடலாம். நல்ல பெயருள்ள வேறு நிறுவனத்துக்குப் போகலாம் என்றது நீதிமன்றம். சட்டமாக இது சரியாகவே இருக்கலாம். அதை மறுக்க நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இதன் பொருளை எளிய தமிழில் சொல்லிப் பார்த்தால் இப்படி வருகிறது: எழுத்துக்கு உட்பட்டது மட்டுமே உறவு. அதற்கு மேல் நல்லெண்ணம் எதையும் எதிர்பார்க்காதே. பிடிக்காவிட்டால் போய்விடு.

போய்விடாமல் இருப்பதற்காகத்தான் அவனுக்குப் பிளாட்டினம் அட்டை கொடுத்தார்கள்.

*

என் தந்தை தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தார். வாடிக்கை வீடுகளுக்கு இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று கடையில் இருக்கும், இன்னொன்று அவர்கள் வீட்டில். சரக்கு வாங்க வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவருவார்கள். இரண்டிலும் ஒரே தொகையை எழுதிக் கொடுப்பார். மாதம் பிறந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பணம் வாங்குவார்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டும் விருப்பம் எனக்கு இல்லை. கணக்கில் வாங்குபவர்களுக்கு ரொக்கத்தில் வாங்குபவர்களைவிட விலை சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பாக்கி வைத்திருக்கும் குடும்பம் வேறு கடைக்குப் போக முடியாது. போனால் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். பலர் எங்கள் கடைக்கு வந்தது பற்றினால் அன்று, பற்றுக் கணக்கினால். இதை என் தந்தையும் அறிவார். கட்டுண்டவர்களை அவர் விசுவாசிகள் என்று ஒருபோதும் சொன்னதில்லை. "நம்ம வாடிக்கை" என்றுதான் சொல்வார்.

அந்த வாடிக்கைகளில் போஸ்ட் மாஸ்டர் வீட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். மாதம் ஒரு முறையாவது கடை வாசலில் நின்று சண்டை போடுவார். பருப்பில் கல், எண்ணெயில் சிக்கு வாடை, எடையில் ஐம்பது கிராம் குறைவு. நான் பள்ளிப் பருவத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூசிப்போயிருக்கிறேன். தந்தை சில நாள் பதில் சொல்வார், சில நாள் வாயை மூடிக்கொண்டு பருப்பை மாற்றிக் கொடுப்பார். ஒரு மாதம் அந்த அம்மாள் வந்தார், சரக்கை வாங்கினார், நோட்டில் எழுதியதைப் பார்த்தார், பேசாமல் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது தந்தை அம்மாவிடம் சொன்னார்: "போஸ்ட் மாஸ்டர் வீட்டம்மா இந்த மாசம் ஒண்ணுமே சொல்லலை. கணக்கு முடியப் போவுது."

அப்படியே ஆயிற்று. இரண்டு மாதத்தில் பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கடைத்தெருவில் புதிதாகத் திறந்த கடைக்குப் போய்விட்டார். "சண்டை போடுறவங்க திரும்பி வருவாங்கடா. பேசாம இருக்கிறவங்களுக்குத்தான் பயப்படணும்" என்று தந்தை என்னிடம் சொன்னது அப்போதுதான்.

எட்டாவது வகுப்பு வரை படித்த அவர் சொன்னதை ஒரு பொருளியல் அறிஞர் நூலாகவே எழுதியிருக்கிறார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. பெர்லினில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியைவிட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்கரான ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட 'எக்ஸிட், வாய்ஸ் அண்டு லாயல்டி' என்ற சிறிய நூல் அது. ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன என்கிறார்: வெளியேறுவது, அல்லது குரல் எழுப்புவது. நைஜீரியாவின் ரயில்வே மோசமாக நடந்துவந்ததைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. லாரிப் போட்டி வந்தால் ரயில்வே திருந்தியிருக்க வேண்டுமல்லவா? திருந்தவில்லை. உரக்கக் குறைசொல்லக்கூடியவர்கள் எல்லாரும் லாரிகளுக்கு மாறிவிட்டார்கள். குறைசொல்ல ஆளில்லாததால் ரயில்வே நிம்மதியாகக் கெட்டுக்கொண்டிருந்தது. விசுவாசம் என்பது உடனே வெளியேறிவிடாமல் ஒருவரை நிறுத்திக் குரல் எழுப்பவைக்கும் பிணைப்பு என்பது அவர் தரும் விளக்கம்.

இந்த விளக்கம் நமக்குப் புதிதா என்ன? திருக்குறளில் நட்பைப் பற்றிய அதிகாரங்களின் நடுவே 'பழைமை' என்றொரு அதிகாரம் உண்டு. 81ஆவது அதிகாரம். நெடுநாள் பழகியவர்கள் உரிமையால் செய்யும் காரியங்களைப் பொறுத்துக்கொள்வது பற்றியது அது. வகுப்பில் பாடம் நடத்தும்போது மாணவர்கள் இதை முதலில் வியப்போடுதான் கேட்பார்கள். பழைமை என்றால் பழைய காலம் என்று நினைத்திருப்பார்கள். நட்பு நீண்டது என்பதற்குச் சான்று, அதில் உரிமை பிறந்திருப்பது. நம் அகமரபு இதை இன்னும் ஆழமாக அறிந்திருந்தது. ஊடல் அங்கே உறவின் முறிவன்று, உறவின் ஒரு நிலை. மருதத் திணைக்கு உரிப்பொருளே அதுதான். திருக்குறளின் கடைசி அதிகாரத்தின் பெயர் 'ஊடலுவகை'.

புகார் சொல்லும் வாடிக்கையாளர் ஊடுகிறார். அவர் போயிருக்கலாம், போகாமல் நின்று கோபித்துக்கொள்கிறார். அந்தக் கோபத்தை எண்ணிப் பட்டியலிட்டு, இருபத்துநான்கு ஆயிற்று என்று கதவைச் சாத்துகிற இடத்தில் இருப்பதற்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும், விசுவாசம் என்ற பெயர் மட்டும் பொருந்தாது.

*

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அது வலுவானதும்கூட. இவையெல்லாம் வெறும் தள்ளுபடிதானே, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது அது. என் மைத்துனரே ஒரு முறை சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு தன் பெற்றோரைக் காசிக்கு விமானத்தில் அழைத்துப் போனார். அந்த முதியவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்த படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்த மகிழ்ச்சி பொய்யன்று. நிறுவனங்கள் எல்லாமே காது கேளாதவை என்றும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் டெல்டா நிறுவனம், பறந்த தூரத்தை விட்டுவிட்டுச் செலவழித்த டாலரை மட்டும் வைத்துத் தகுதியைக் கணக்கிடப்போவதாக அறிவித்தபோது பயணிகள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே அதன் தலைவர், தாங்கள் அளவுமீறிப் போய்விட்டதை ஒப்புக்கொண்டு மாற்றங்களைச் சற்றுத் தளர்த்தினார். 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களின் பயணியர் திட்டங்களைப் பற்றி விளக்கம் கேட்டது.

தள்ளுபடி என்றால் எனக்கு வழக்கில்லை. காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கு யாரும் அவருக்கு வாழ்நாள் அடிமையாவதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. தள்ளுபடியைத் தள்ளுபடி என்றே சொல்லிவிட்டால் வாங்குபவரும் அதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வார். விசுவாசம் என்று பெயரிடும்போதுதான் மனித மனத்தில் வேறொன்று விழித்துக்கொள்கிறது. தன்னை ஒருவர் அறிந்திருக்கிறார், தன் வருகை எங்கோ பொருட்படுத்தப்படுகிறது என்ற நம்பிக்கை அது. விசுவாசம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருளே நம்பிக்கைதான். அந்த நம்பிக்கைதான் ஒரு குடும்பஸ்தரை டிசம்பர் மாதக் குளிரில், வேலையேதும் இல்லாமல், கைக்காசு போட்டு டெல்லிவரை போய்வரச் செய்கிறது. ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் அங்கே, அதே அளவு இங்கே. எரிந்த எரிபொருளுக்கும் அந்த நாளுக்கும் பயன் ஓர் அட்டையின் நிறம். நம்பிக்கையை ஒரு தரப்பிடம் வாங்கிக்கொண்டு, மறுதரப்பில் விருப்பப்படி மாற்றக்கூடிய விதிமுறையை மட்டும் வைத்துக்கொள்வதைத்தான் நான் குறைசொல்கிறேன். காசாகவும் நேர்மையாகவும் ஒரே சொல்லில் இருந்த நாணயத்தில், காசு மட்டும் அவர்களிடம் தங்கிவிட்டது.

நான் அன்று சொன்ன மொழிபெயர்ப்பு தவறு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இதற்குத் தமிழில் ஏற்கெனவே அடக்கமான, பொய் சொல்லாத ஒரு சொல் இருக்கிறது. வாடிக்கை. வழக்கமாக வருவது என்பதற்கு மேல் அது எதையும் கோருவதில்லை. வாடிக்கையாளர் நாளை வரலாம், வராமலும் போகலாம். அவர் வராதபோது அதைக் கவனிக்க ஒருவர் இருந்தால், கோபித்துக்கொண்டபோது கேட்டுக்கொள்ள ஒருவர் இருந்தால், வாடிக்கை மெல்ல மெல்ல விசுவாசமாகக்கூடும். அதற்கு அட்டை கொடுக்க முடியாது.

சென்ற வாரம் தங்கை வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் மைத்துனரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, விதிமாற்றத்தைக் கண்டித்து அந்த நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருப்பதாகவும், மூன்றுக்கும் ஒரே பதில் வந்ததாகவும் சொன்னார். பதிலின் முதல் வரி என்ன என்று நான் கேட்கவில்லை.

"இனிமே எழுதப் போறதில்லை மச்சான்" என்றார்.

எனக்குப் போஸ்ட் மாஸ்டர் வீட்டு அம்மாளின் நினைவு வந்தது.